மலைபடுகடாம் காட்டும் மலைவழியும் கேமரன் மலைப் பயணக் கட்டுரையும்: ஒரு திறனாய்வு

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற எவரும் தம் மாணவப் பருவத்தில் ஒருமுறையேனும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரை ‘நான் மேற்கொண்ட சுற்றுலா’ என்பதாகும். அச்சுற்றுலா பெரும்பாலும் கேமரன் மலைக்கு மேற்கொள்ளப்பட்டதாகவே இருக்கும். மலாக்கா மாநிலத்தின் ரெம்பியாவைப் போல, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தாழ்நிலத்து ஊர்களிலிருந்து செல்லும் மாணவர்க்கு மலைப்பயணம் என்பது வாழ்வில் ஓரிருமுறை மட்டுமே வாய்ப்பது. விடியலுக்கு முன் பேருந்து புறப்படும். சிம்பாங் அம்பாட்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறும். கோலாலம்பூரைக் கடந்து தாப்பாவில் இறங்கும். அங்கிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை. இறங்கும் இடம் கடல் மட்டத்திற்கு மேல் 1,400 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. இத்துணைப் பெரிய நிலமாற்றம் ஒரே காலைப்பொழுதில் நிகழ்ந்துவிடுகிறது.

ஆயினும் அதன்பின் எழுதப்படும் கட்டுரையில் அந்நிலமாற்றம் காணப்படுவதில்லை. ‘இயற்கை அன்னை பச்சைக் கம்பளம் விரித்திருந்தாள்’ என்றும், ‘குளிர்ந்த காற்று எங்களை வருடி வரவேற்றது’ என்றும், ‘கண்கொள்ளாக் காட்சி’ என்றும் ஆயத்தத் தொடர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இத்தொடர்களை மாணவர்கள் புனைந்ததில்லை, நாமே கற்பித்தோம். எங்கிருந்து எடுத்துக் கற்பித்தோம் என்பதும், அதைவிடப் பழைய, அதைவிடப் பயனுள்ள ஒரு முன்மாதிரி நம் கையிலேயே இருந்தும் அதை ஏன் பயன்கொள்ளவில்லை என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. அம்முன்மாதிரி பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம்.

வருணனையா, வழியா?

583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம், பத்துப்பாட்டுள் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நிலையில் நீளமானது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செங்கம். சேயாற்றையும் நவிரமலையையும் இன்றும் நிலப்படத்தில் சுட்டிக் காட்டலாம். நவிரமலையைப் பருவதமலை எனப் பின்னுள்ளோர் வழங்கினர். உ.வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் முதல் இப்பாட்டு நம் பாடத்திட்டங்களில் இடம்பெற்று வந்துள்ளது.

எனினும் பல்கலைக்கழக வகுப்புகளில் இப்பாட்டைக் கற்பிக்கும்போது நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, தொடக்கத்தில் வரும் இசைக்கருவிகளைப் பட்டியலிடுதல். முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, எல்லரி, பதலை என மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மற்றொன்று, நடுப்பகுதியை ‘இயற்கை வருணனை’ என்னும் தலைப்பில் அடக்குதல். இவ்விரண்டாவது பழக்கமே மறுபரிசீலனைக்கு உரியது. இயற்கை வருணனை என்று நாம் பெயரிட்ட பகுதியில் மிகுதியாக வரும் வினைவடிவம் ஏவல். ‘காணுங்கள்’ என்பதைவிடக் ‘கடந்து செல்லுங்கள்’, ‘நில்லுங்கள்’, ‘பற்றிக்கொள்ளுங்கள்’, ‘மறைந்து நின்று பின் போங்கள்’ என்பன போன்ற ஏவல்களே முன்னிற்கின்றன. வருணிப்பவனுக்கு ஏவல் எதற்கு? அவன் வருணிக்கவில்லை, வழி சொல்கிறான்.

இவ்வேறுபாடு சிறிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படையை வரையறுக்கும்போது, பெற்றவர் பெறாதவர்க்கு அறிவுறுத்துவதை வழியில் நிகழும் செயலாகவே வைக்கிறது. மலைபடுகடாத்தில் பேசுகின்ற கூத்தன் அம்மலையைத் தன் காலால் கடந்து மீண்டவன். கேட்பவன் இன்னும் சிறிது நேரத்தில் தன் சுற்றத்தோடும் விறலியரோடும் கருவிச் சுமையோடும் அதே மலையில் ஏறப்போகிறவன். ஆகவே சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியும் சோதிக்கப்படவிருக்கும் செய்தி. தவறாகச் சொன்னால் யாரோ ஒருவர் பள்ளத்தில் விழுவார். இந்தப் பொறுப்பு மொழியை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதைப் பாட்டே காட்டும்.

காட்டுப்பன்றிக்கு அஞ்சி வழியிடையே பொறிகள் வைத்திருப்பர். ஆதலால் இருளில் நடவாது விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். பாம்பு உறையும் குழிகளை அடையாளம் கண்டுகொண்டு விலகிச் செல்லச் சொல்கிறான். தினைப்புனத்துப் பரண்மீது இருப்போர் யானையை விரட்டக் கவணால் எறியும் கல், மரக்கிளைகளைத் தாக்கியபடி கூற்றுவனைப்போல வரும். மரங்களின் பின்னே மறைந்து நின்று போங்கள் என எச்சரிக்கிறான். முதலை கிடக்கும் சுழியை ஒட்டிய வழுக்குப் பாதையில் ஒருவர்பின் ஒருவராகப் பாதுகாத்துக்கொண்டு கடக்க வேண்டும். பாசி படிந்து கால் நிலைதளரும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதுகூடச் சொல்லப்படுகிறது: அங்கு விளைந்திருக்கும் சிறுமூங்கிலையும் கோரையையும். அந்த இடத்தில் என்ன செடி நிற்கிறது என்று தெரிந்தவனே இதைச் சொல்ல முடியும்.

இவற்றினும் நுட்பமானது பார்த்தல் பற்றிய அறிவுரை. மலையில் காணத்தக்கவை பல உண்டு. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அடி தவறும் என்கிறான். பார்வையும் நடையும் ஒன்றுக்கொன்று முரணானவை. பார்க்க வேண்டுமாயின் நிற்க வேண்டும். மலைக்காட்சியைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்டவற்றுள் இதைப்போல் உடலோடு ஒட்டிய கூற்று வேறொன்றை எளிதில் காட்ட இயலாது. பேருந்தின் சன்னல் இம்முரணை நீக்கிவிட்டது. உட்கார்ந்திருப்பவனுக்குக் காட்சி தானே நகர்ந்து வருகிறது. அதற்காக அவன் எதையும் இழக்க வேண்டியதில்லை. ‘கண்கொள்ளாக் காட்சி’ என்னும் தொடர் பிறந்ததும் இத்தகைய ஓர் இருக்கையில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தனிநாயகம் அடிகளாரின் சங்க இயற்கை பற்றிய ஆங்கில நூல் 1966இல், ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ என்று நாம் இன்று தமிழில் சுட்டும் தலைப்போடு வெளிவந்தது. நம் துறைக்குத் தலைமை தாங்கிய அவர், சங்கப் பாடல்களில் இயற்கை தனித்துப் பாடப்படுவதில்லை, மனித வாழ்வின் பின்புலமாகவே வருகிறது என்பதை வலியுறுத்தினார். அகப்பாடல்களுக்கு இக்கருத்து முற்றிலும் பொருந்தும். மலைபடுகடாத்திற்கு அதனினும் ஒருபடி மேலே செல்ல வேண்டியுள்ளது. இங்கு மலை பின்புலமாக மட்டும் இல்லை. காலடியில் இருக்கிறது, கையில் பற்றும் கொடியாக இருக்கிறது, தலைக்கு மேல் பறந்து வரும் கல்லாகவும் இருக்கிறது. நச்சினார்க்கினியர் தொலைவில் நிற்கும் சொற்களை மாட்டிப் பொருள்கொள்ளும் முறையைப் பத்துப்பாட்டு உரையில் பரவலாகக் கையாள்கிறார். இலக்கண முடிபுக்கு அது உதவலாம். ஆனால் வழி சொல்லும் பாட்டில் அடிகளின் வரிசையே பாதையின் வரிசை. அதை மாற்றினால் பயணி எந்த இடத்தில் நிற்கிறான் என்பது மங்கிப்போகும். மாணவர்க்குப் பாட்டை அடிவரிசை மாறாமல் ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகே உரைக்குச் செல்வது நன்று என்பது என் அனுபவம்.

பாட்டின் பெயர்க்காரணத்திலும் இக்கண்ணோட்டம் உதவும். மலையை யானையாகக் கொண்டு, அதன்கண் எழும் ஓசைகளை மதமாக உருவகிப்பதால் மலைபடுகடாம் எனப் பெயர் பெற்றது. அவ்வோசைகளில் அருவியின் ஓசை உண்டு; ஆனால் அருவியோடு நின்றுவிடவில்லை. புலி பாய்ந்த கணவனின் புண் ஆறப் பாடும் மனைவியின் குரல், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பு ஆலையின் இரைச்சல், பன்றியை விரட்டக் கொட்டும் பறை ஆகியனவும் சேர்ந்தே மலையின் குரலாகின்றன. அதாவது அந்த மலை பேசுவது அங்கு உழைப்பவர்களின் வாயால். இன்றைய சுற்றுலாக் கட்டுரையில் கேட்கும் ஒரே ஓசை ‘சலசலக்கும் அருவி’. தாப்பா சாலையில் உள்ள லாத்தா இஸ்கண்டார் அருவியில் அரைமணி நேரம் நின்ற மாணவனுக்கு உண்மையில் அருவியைவிட மிகுதியாகக் கேட்டிருப்பது பேருந்துகளின் இயந்திர ஓசையும், கடைக்காரர்கள் விலை கூறும் குரலுமாகவே இருந்திருக்கும். அவற்றை எழுதினால் கட்டுரை கெட்டுவிடும் என்று அவனுக்குச் சொல்லித்தந்திருக்கிறோம்.

பாட்டின் எல்லை

மலைபடுகடாத்தை மாசற்ற முன்மாதிரியாகத் தூக்கிப்பிடிப்பதும் தவறு. அது ஒரு வேளைப் புகழ்ந்து பரிசில் பெறும் மரபில் தோன்றியது. வழியெங்கும் குறவரும் ஆயரும் உழவரும் முகம் மலர்ந்து உணவளிக்கிறார்கள். தினையும் இறைச்சியும் பாலும் மீனும் குறைவின்றிக் கிடைக்கின்றன. நன்னனிடம் செல்கிறோம் என்று சொன்னாலே கதவுகள் திறக்கின்றன. விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று இதைக் கொண்டாடி முடித்துவிடுவது எளிது. ஆனால் அம்மலைமக்களுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்னும் வினாவைப் பாட்டு எழுப்புவதில்லை. நாம் எழுப்பலாம். பரணில் இருந்து கல் எறிபவனின் உழைப்பு எவ்வளவு கடுமையானது என்பது பாட்டில் தெரிகிறது. அவன் நன்னனுக்கு என்ன திறை கொடுத்தான் என்பது தெரிவதில்லை. இக்குறையை ஒத்துக்கொண்டே சொல்ல வேண்டியது: அவன் அங்கு இருக்கிறான் என்பதையாவது அப்பாட்டு மறைக்கவில்லை.

கேமரன் மலைச் சாலையில் யார் இருக்கிறார்கள்?

கேமரன் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885இல் அரசாங்க நில அளவைப் பணியாகச் சென்றவர். அவருடன் குலோப் ரியாவ் என்னும் மலாய் வழித்துணைவர் சென்றார் என்பது வரலாற்று நூல்களில் உள்ளது. வழி காட்டியவர் பெயர் அடிக்குறிப்பிலும் வழிகாட்டப்பட்டவர் பெயர் மலையிலும் தங்கின. தாம் கண்ட மேட்டுநிலத்தின் இடத்தைக் கேமரன் தெளிவாகக் குறித்துவைக்காததால், பின்வந்தோர் அதை மீண்டும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. செமாய் மக்களுக்கோ அது ஒருபோதும் தொலைந்ததில்லை. அவர்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ‘கண்டுபிடித்தார்’ என்று நம் மாணவர் கட்டுரைகள் தொடங்கும்போது இச்சிறு முரணை ஆசிரியர் சுட்டிக்காட்டலாம்.

1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று வந்தபின் மலைவாழிடம் அமைக்கும் திட்டம் வலுப்பெற்றது. உதகை, நுவரெலியா ஆகியவற்றைப் போன்று, வெப்பம் தாங்காத வெள்ளை அலுவலர்க்கு ஓய்விடம் வேண்டும் என்பதே நோக்கம். 1920களின் பிற்பகுதியில் தாப்பாவிலிருந்து சாலைப்பணி தொடங்கி 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்து மலைச்சரிவில் தேயிலை நட்டவர்களில் தமிழர் பலர். மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் இருப்புப்பாதையிலும் கூலிகளாக அன்று இருந்தவர்களில் தென்னிந்தியர் பெரும்பங்கினர் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். மலேரியா, அட்டை, மண்சரிவு ஆகியவற்றுக்கு இடையில் வெட்டப்பட்ட சாலை அது. நம் கட்டுரைகள் அச்சாலையைக் குறிப்பிடும் ஒரே சொல் ‘பாம்பு போல் வளைந்த’ என்பது. யார் வளைத்தார்கள்?

இவ்விடத்தில் மலாக்காவைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சாலை போட்ட கை மறைந்துபோவது மலைக்கு மட்டும் உரியதன்று. ரெம்பியாவை உள்ளடக்கிய ஆலோர் காஜா வட்டாரம் பழைய நானிங் நிலப்பகுதி. 1831, 1832ஆம் ஆண்டுகளில் டோல் சாயிட்டுக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கும்பினி நடத்திய நானிங் போரில், மலாக்காவிலிருந்து தாபோ நானிங் நோக்கிக் காட்டை வெட்டிச் சாலை அமைத்து முன்னேறிய படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் இருந்தனர். சுற்றுலாப் பேருந்து சிம்பாங் அம்பாட்டை அடையுமுன் கடக்கும் நிலமே இத்தகைய வரலாறு உடையது. அங்கு அவர்கள் வெற்றிபெற்ற ஆட்சியின் ஆயுதமாக வந்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். சாலை என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய தேவைக்காக, வேறு யாரோ ஒருவருடைய முதுகால் போடப்படுவது. மலைச்சாலையில் இது கூடுதலாகப் புலப்படும், அவ்வளவே.

தேயிலைத் தோட்டத்தில் எடுக்கப்படும் ஒளிப்படம் இன்னொரு சிக்கல். கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பின்னணியாக வைத்து நிற்கும் மாணவனின் பாட்டி ரெம்பியாவுக்கு அருகில் ஏதோ ஒரு தோட்டத்தில் விடிகாலையில் தலைவிளக்குடன் வெட்டுமரத்திற்குச் சென்றவராக இருக்கலாம். லயம், பிரட்டுக்களம், மண்டோர், கங்காணி ஆகிய சொற்கள் அவன் வீட்டில் இன்னும் புழங்கலாம். அப்படியிருந்தும் மலைமேல் அவன் காண்பது ‘பச்சைக் கம்பளம்’. இன்று அக்கொழுந்தைப் பறிப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். பலர் கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் தன் குடும்பம் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தகுந்தவன் அம்மாணவனே. கடன் வாங்கிய உவமை அப்பார்வையை மறைக்கிறது.

சாலையின் ஆபத்தும் மறைக்கப்படுகிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பரில் ரிங்லெட் பகுதியில் மீண்டும் சேற்று வெள்ளம் வந்தது. காடழிப்பும் நெகிழிக்கூரைத் தோட்டங்களின் பெருக்கமும் இவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டன. மலைபடுகடாத்துக் கூத்தன் இன்று தாப்பாவில் நின்றால், எந்த வளைவில் மண் சரியும், எந்த மாதத்தில் போகலாகாது என்பதிலிருந்தே தொடங்குவான்.

மொழி எங்கிருந்து வந்தது?

தற்காலத் தமிழில் பயண இலக்கியம் வறுமையுற்றிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வந்தது. அவர் நடையில் வியப்புச்சொல் மிகக் குறைவு. கட்டணம் எவ்வளவு, யார் உதவினார், என்ன உண்டார் என்பனவே மிகுதி. ஆற்றுப்படைக் கூத்தனின் தொலைதூர உறவினர் என்று அவரைச் சொல்லத் தோன்றும். சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ ஓர் ஆற்றின் வழியே செல்லும் நூல். வழியில் காணும் மனிதர்களின் பேச்சால் நிரம்பியது. தனிநாயகம் அடிகளாரின் ‘ஒன்றே உலகம்’ அயல்நாடுகளைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகப்படுத்தியது. இவற்றில் எதுவும் நம் பள்ளிக் கட்டுரையின் மூலம் அன்று.

நம் பள்ளிக் கட்டுரையின் மூலம், சுற்றுலாத் துறையினரின் துண்டறிக்கை நடையும், வார இதழ்களின் விடுமுறைச் சிறப்பிதழ் நடையும், வழிகாட்டி நூல்களில் அச்சான ‘மாதிரிக் கட்டுரை’களும் ஆகும். மூன்றாவதே மிகத் தீங்கானது. தேர்வில் ‘மொழி அணிகள்’ இருந்தால் புள்ளி கிடைக்கும் என்னும் நம்பிக்கை அதை வளர்த்தது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்ட பின்னரும் அந்நம்பிக்கை மறையவில்லை, எஸ்.பி.எம். தாளை நோக்கி நகர்ந்திருக்கிறது. பெயர் சுட்ட வேண்டாத ஒரு பள்ளியில் நடந்த தாள் திருத்தக் கூட்டத்தில், மலைவளைவுகளில் தனக்கு ஏற்பட்ட குமட்டலையும், பக்கத்து இருக்கைத் தோழி நெகிழிப்பையை நீட்டியதையும், இறங்கியதும் முதலில் மூக்கில் பட்டது எருவின் வாடை என்பதையும் ஒரு மாணவி எழுதியிருந்தது பேச்சுக்கு வந்தது. ‘பயணக் கட்டுரையில் இதெல்லாம் எதற்கு?’ என்றார் ஓர் ஆசிரியர். பெருங்கௌசிகனார் அதே கேள்விக்கு 583 அடிகளில் விடை எழுதி வைத்திருக்கிறார். குமட்டல் என்பது அச்சாலை அவ்வுடலில் எழுதிய எழுத்து. அன்று வாசிக்கப்பட்ட கட்டுரைகளில் சாலையைப் பற்றி உண்மையாக ஒன்றைச் சொன்னது அது ஒன்றுதான்.

மலைச்சாலை பற்றிய தமிழ் வாசிப்பில் இன்னொரு நூலையும் சேர்க்க வேண்டும். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டும் மேஸ்திரியை நம்பிச் செல்லும் கருப்பன், வள்ளி ஆகியோரின் கதை அது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் இன்று 40 கொண்டையூசி வளைவுகள் எண்ணிடப்பட்டுள்ளன. சுற்றுலாப் பயணிகள் அவ்வெண் பலகைகளின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாவலைப் படித்தவர் அதே ஏற்றத்தை வேறு விதமாகவே ஏறுவார். காரணம், ஏறியவர் திரும்பி இறங்க முடிந்ததா என்பதுதான் அந்நாவலின் கேள்வி. ஆற்றுப்படையில் பேசுபவன் மீண்டு வந்தவன். கருப்பனைப் போன்றோர்க்கு வழிசொல்ல மீண்டு வந்தவர் மிகச் சிலர். மேஸ்திரி சொன்ன வழி பொய்வழி. ஆற்றுப்படையின் தலைகீழ் வடிவமாக இந்நாவலைப் படிக்கலாம். மலாயாவுக்கு ஆள்சேர்க்கக் கங்காணிகள் ஊர்களில் சொன்ன சொற்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. நம் முன்னோரும் ஒருவகையில் பொய்யான ஆற்றுப்படை கேட்டு வந்தவர்கள். இவ்வொப்பீடு தனி ஆய்வுக்கு உரியது; பட்டக்கல்வி மாணவர் எவரேனும் எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி.

வகுப்பறையில்

நடைமுறையில் செய்யத்தக்கது மிக எளிது. புதிய பாடநூல் எதுவும் வேண்டியதில்லை. கட்டுரைத் தலைப்பை மாற்றினால் போதும். ‘நான் மேற்கொண்ட சுற்றுலா’ என்பதற்கு மாற்றாக, ‘அடுத்த ஆண்டு கேமரன் மலைக்குச் செல்லவிருக்கும் நான்காம் படிவ மாணவர்க்கு வழி சொல்க’ என்று கொடுத்துப் பார்க்கலாம். கேட்பவர் ஒருவர் உண்டு என்று ஆனவுடன் ஏவல் வினை தானாக வந்துவிடும். எங்கே நிறுத்துவார்கள், எங்கே கழிவறை உண்டு, சாலையோரத்தில் பூர்வக்குடியினர் எதை விற்கிறார்கள், அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், குளிராடை எந்த இடத்தில் தேவைப்படும் என்பன வந்துவிடும். உவமை வேண்டுமாயின் அதன்பின் வரட்டும். பெருங்கௌசிகனாரிடம் உவமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர் உவமை ஒவ்வொன்றும் எதையோ அடையாளம் காண உதவுகிறது.

பாட்டில் வரும் ஒரு பகுதியை மட்டும் இப்பயிற்சியோடு சேர்த்து வாசிக்கலாம். பல வழிகள் பிரியும் காட்டுக் கவலையில் மரத்தடியில் கல் நட்டு, ஊர்ப்பெயர் அறியும்படி அதில் எழுத்துப் பொறித்திருப்பர் என்று கூத்தன் சொல்கிறான். அதோடு நிற்கவில்லை. நீங்கள் இந்நிலத்துக்குப் புதியவர்கள். ஆதலால் வழி பிரியும் இடத்தைத் துடைத்துத் தூய்மை செய்து, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறான். பின்னால் வருவோர் அதைப் பார்த்து வழி அறிவர். கல்வெட்டு அரசனுக்கும் வீரனுக்கும் உரியது. புல்முடி யாரும் இடலாம், சில நாளில் காய்ந்தும் போகும்.

தாப்பா சாலையோர ஊர்களுக்கு மைல்கணக்கில் பெயர் வழங்கும் வழக்கம் இன்னும் உண்டு. மலாய்மொழியில் பத்து என்றால் கல்; மைலும் அதுவே. பழந்தமிழ் வழக்கிலும் ‘நான்கு கல் தொலைவு’ என்போம். நம் தோட்டப்புறத்தார் அதைக் ‘கட்டை’ என்றார்கள். ரெம்பியாப் பக்கத்து முதியவர்கள் இன்றும் கிலோமீட்டரில் சொல்வதில்லை, இத்தனையாம் கட்டை என்றே வழி சொல்கிறார்கள். அந்தச் சொல் எந்த மாணவர் கட்டுரையிலும் இடம்பெற்று நான் பார்த்ததில்லை. எழுதினால் வட்டார வழக்கு என்று சிவப்பு மையால் கோடிடுவோர் நம்மில் இருக்கிறார்கள்.